ஜூலையில் எடுத்த தண்ணீர்

கொலராடோ
14 ஏப்ரல் 2002

அன்புத் தம்பி டெல்மருக்கு அக்கா லியோனா எழுதுவது.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் கோடியாக் தீவில் பனிமூட்டம் கலைவதற்காக விமானம் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தது. மற்றபடி வழியில் ஒரு குறையும் இல்லை. நீ கட்டிக்கொடுத்த புகைபோட்ட மீனைப் பக்கத்து இருக்கைக்காரர் ஏக்கமாகப் பார்த்தார். கொஞ்சம் கொடுத்தேன். திட்டாதே.

உன் மாட்ரோனாவின் நாற்பதாம் நாள் பூசையில் பாதிரியார் பாடியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு சொல்கூடப் புரியவில்லை, இருந்தும் அழுது தீர்த்தேன். நீதான் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக்கொண்டே இருந்தாய். நான் எழுந்து வந்தால், "நான் நல்லாதான் இருக்கேன்க்கா, நீ உக்காரு" என்று என்னையும் உட்கார வைத்துக் காபி கொடுத்தாய். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளைப் புதைத்துவிட்டு அந்த வீட்டில் நீ தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு வந்துவிடு என்றேன், மாட்டேன் என்றாய். சரி, இனிமேல் கேட்கமாட்டேன். கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதற்காகவாவது அடிக்கடி எழுது.

இங்கே மலையில் பனியே இல்லை. ஏப்ரலிலேயே ஆறு மெலிந்து கிடக்கிறது. கீழ்வாய்க்கால் தலைவர் ஓர்வில் வைமரை ஞாபகம் இருக்கிறதல்லவா, என் வகுப்பில் படித்தானே, அந்த முரடன். மளிகைக் கடையில் பார்த்ததும், "ஏ லியோனா, இந்த வருஷம் உங்க குவாரி என் தண்ணியில கை வச்சுது, அவ்வளவுதான்" என்றான். சரளைக் குவாரியில் வேலை பார்ப்பவளுக்கு ஊருக்கு வந்ததும் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

சாப்பிடு. டப்பாவைத் திறந்து அப்படியே நின்றுகொண்டு தின்னாதே.

இப்படிக்கு
உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் அக்கா,
லியோனா


கோடியாக், அலாஸ்கா
6 மே 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். பூனையும் நலம், உன் செருப்பில் ஒன்றைப் பாதி தின்றுவிட்டது. உன் பெட்டியில் ஒரு செருப்பு குறைந்ததற்கு இதுதான் காரணம். தேடாதே.

நான் தனியாக இருக்கிறேன் என்று கவலைப்படுகிறாய். இந்த ஊரில் யாரை விடுகிறார்கள்? மாட்ரோனாவின் சித்தி தினம் ஒரு தட்டோடு வந்துவிடுகிறார். போன ஞாயிறு பீரோக் கொண்டுவந்தார். சால்மன், சோறு, மேலே மாவு மூடி. அதைப் பார்த்ததும் நீயும் மாட்ரோனாவும் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் வைத்ததுதான் உண்மையான பீரோக் என்று நீ. நம் தாத்தா ரஷ்யாவிலிருந்து அப்படித்தான் கொண்டுவந்தார் என்று உன் வாதம். "உங்க தாத்தா வர்ற வழியில மீனைத் தொலைச்சிட்டார் போல, அண்ணி" என்று அவள். எனக்கு இரண்டும் பிடிக்கும் என்று அப்போது சொன்னால் இரண்டு பேரும் அடித்திருப்பீர்கள்.

பக்கத்து வீட்டு மனிதரிடம், என் அக்கா ஆற்றுக்குத் தண்ணீர் திருப்பிக் கொடுக்கும் வேலை பார்க்கிறாள் என்றேன். "ஆத்துக்கே தண்ணியா? உங்க அக்கா நம்ம கடலுக்கும் கொஞ்சம் உப்பு அனுப்புவாங்களா?" என்று சிரிக்கிறார். நான் ஊரை விட்டு வந்தபோது அங்கே குவாரியே இல்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எழுது.

அன்புடன்
தம்பி டெல்மர்


கொலராடோ
9 ஜூன் 2002

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எனக்கு வெயிலைத் தவிர வேறு நோய் இல்லை.

அந்த உப்பு மனிதரிடம் இப்படிச் சொல். அப்பா சர்க்கரை பீட்ரூட் போட்ட வயலில் இப்போது சரளை தோண்டுகிறார்கள். ஓரிரு ஆள் ஆழம் போனாலே ஊற்றுத் தண்ணீர் வந்துவிடும். அது மண்ணுக்கு அடியில் ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த தண்ணீர். நாம் குழியைத் திறந்து வைத்தால் வெயில் குடிக்கிறது. சரளை கழுவ எடுக்கிறோம், புழுதி அடங்கப் பாதையில் தெளிக்கிறோம், லாரிகள் ஈரக் கல்லைச் சுமந்துகொண்டு ஊரை விட்டே போகின்றன. அத்தனையும் ஆற்றுக்குச் சேரவேண்டியது. ஆற்றிலோ, முதலில் வாய்க்கால் வெட்டியவனுக்குத்தான் முதல் உரிமை. ஓர்வில் வாய்க்கால் நம் தாத்தா கப்பல் ஏறுவதற்கும் முந்தியது. ஆகவே எடுத்ததை எடுத்தபடி திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் அவன் மதகுக்கு மேலேயே கொடுக்க வேண்டும். தோண்டி முடித்த ஒரு குழியைக் களிமண் சுவர் கட்டிக் குளமாக்கி, மேல்வாய்க்காலில் குவாரிக்கு உள்ள பங்குத் தண்ணீரை அதில் தேக்கி வைத்திருக்கிறோம். காலையில் நான் ஷட்டரைத் திருகுவேன். தண்ணீர் அளவுத் தொட்டியின் குறுகிய கழுத்து வழியாக ஆற்றுக்குப் போகும். தொட்டிக்குள் நிற்கும் அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து ஆற்று அதிகாரிக்கு ஃபோன் செய்வேன். அவ்வளவுதான் உன் அக்காவின் உத்தியோகம்.

இன்னொன்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஆமையைவிட மெதுவாகப் போகிறது. அதனால் நாங்கள் ஜூலையில் எடுப்பதன் குறை ஆற்றுக்கு நவம்பர், டிசம்பரில்தான் தெரியும். குவாரி பூட்டிக் கிடக்கும்போது, ஒரு சொட்டும் எடுக்காத மாதத்தில், கோடையில் எடுத்ததற்காக நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். புதிதாக வரும் லாரிக்காரப் பையன்கள் எனக்குக் கிறுக்கு என்று நினைக்கிறார்கள்.

இந்த வருடம் ஊரே தண்ணீருக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. பல வாய்க்கால்களை மூடச் சொல்லிவிட்டார்கள். ஓர்வில் வாய்க்காலை இன்னும் மூடவில்லை, அவன் வெங்காயம் போட்டிருக்கிறான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறைக்கிறான். நான் கோலில் காட்ட வேண்டிய கோட்டுக்கு ஒரு மயிரிழை கூடுதலாகவே விடுகிறேன். நீ கவலைப்படாதே.

ஒரே ஒரு நல்ல சேதி. அளவுத் தொட்டிக்குக் கீழே வாத்துகள் வந்து குடியேறியிருக்கின்றன. ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் பச்சை. காலையில் என் ரொட்டியில் பாதி அவற்றுக்குத்தான்.

நீ மீன் சீசனுக்குப் படகில் போகிறாயா? போ. வெளியே இருப்பது நல்லது.

உன்
லியோனா அக்கா


கோடியாக்
2 ஜூலை 2002

அன்புள்ள அக்கா,

நலம். உப்பு மனிதர் உன் பதிலைக் கேட்டார். "உங்க அக்காகிட்ட நான் சிரிச்சதைச் சொல்லாதீங்க" என்றார்.

சிவப்பு சால்மன் நன்றாக வருகிறது. வீட்டுக் கூரை ஒழுகுவதால் இப்போதைக்குப் படகிலேயே படுத்துக்கொள்கிறேன். பழகிவிட்டது. பூனைக்கும் படகுதான் பிடிக்கிறது.

வாத்துகளைக் கேட்டதாகச் சொல்.

டெல்மர்


கொலராடோ
25 ஜூலை 2002

அன்புத் தம்பிக்கு,

நலமாக இரு. கூரையைச் சரிபார்த்தாயிற்றா? படகில் படுத்தால் உன் முதுகு என்ன ஆகும்? மாட்ரோனாவின் சித்தி மகன் தச்சுவேலை செய்பவன்தானே, அவனைக் கூப்பிடு.

எனக்கு மனசு சரியில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நேற்று ஓர்வில் குவாரிக்கே வந்துவிட்டான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. லாரிக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்கிறார்கள்.

"லியோனா, உன் கோல் என்னத்தைக் குடிச்சிட்டு நிக்குது? நீ விட்டேன்னு சொல்ற தண்ணி என் மதகுக்கு வந்து சேரலை."

"வராம எங்க போகும்? தினம் காலையில நானே பாக்குறேன். கோடு தொட்டு நிக்குது."

"கோடு தொட்டு நிக்குது, என் வெங்காயம் தலை சாஞ்சு நிக்குது. ஜூன்லேர்ந்து குறையுது."

"ஆறே காஞ்சு கெடக்கு. வழியில மணல் குடிச்சிருக்கும்."

"மணல் எங்க அப்பா காலத்துலயும்தான் குடிச்சுது. நான் உன்னைத் திருடின்னு சொல்லலை. ஆனா யாரோ திருடுறாங்க."

திருடி என்று சொல்லவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம், சொல் பார்ப்போம்? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் விடையைப் பார்த்து எழுதியவன் அவன்! அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோலைக் காட்டினேன். அசையாமல் கோட்டிலே நின்றது தண்ணீர். அவன் வண்டி ஏறிப் போய்விட்டான். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. ஆனால் அவன் முகம் பொய் சொல்லும் முகமாக இல்லை, தம்பி. அதுதான் என்னை அரிக்கிறது. இந்த வருடம் அந்த வெங்காயம் போனால் அவன் பண்ணையை விற்கவேண்டியதுதான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வர மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாத்துக் குஞ்சுகள் பொரித்துவிட்டன. தொட்டிக்குக் கீழே கோரை ஆள் உயரம் வளர்ந்து, தண்ணீர் குளம்போல அகலமாகத் தேங்கி நிற்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. அந்த ஒரு இடத்தில்தான் கொஞ்சம் மூச்சு வருகிறது.

நீயாவது சந்தோஷமாக எதையாவது எழுது.

அக்கா


கோடியாக்
31 ஜூலை 2002
(விரைவுத் தபால்)

அக்கா!

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். உனக்குப் புத்தி இருக்கிறதா? வாத்துக்கு அங்கே என்ன வேலை? அளவுத் தொட்டிக்குக் கீழே தண்ணீர் குதித்து ஓட வேண்டும். அங்கே குளம் எப்படி வந்தது? கோரை எப்படி வந்தது?

நமக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும்போது நான் நீச்சலடிக்க ஆசைப்பட்டு அப்பாவின் அளவுத் தொட்டிக்குக் கீழே பலகை வைத்து அடைத்தேனே, மறந்துவிட்டாயா? கரையில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது யார்? நீ! கீழே தண்ணீர் தேங்கியதும் தொட்டிக்குள்ளும் ஏறி நின்றது. வாய்க்கால்காரர் வந்து கோலைப் பார்த்து, நம் ரைசிக் வீட்டுக்குத் தண்ணீர் அதிகமாகப் போகிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார். உண்மையில் பாதிகூடப் போகவில்லை. பீட்ரூட் வாடியது. நம் இரண்டு பேர் முதுகும் பழுத்தது. அந்த அடியையுமா மறப்பாய்?

கோரைக்குள் இறங்கிக் கீழே நடந்து பார். எவனோ அடைத்திருக்கிறான். மனிதனாக இருக்காது. பீவராக இருக்கும், அந்தப் பல்லன்தான் மரத்தைக் கடித்துப்போட்டு அணை கட்டுவான். கோடு தொட்டு நிற்கிறது என்றாயே, அது நிற்கிற தண்ணீர். ஓடுகிற தண்ணீர் அதைவிட எவ்வளவோ குறைவாக இருக்கும்.

ஓர்விலிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. கேட்கும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் எழுது. தபால் ஆபீஸ் வாசலில் நின்று எழுதுகிறேன், மை கலைந்திருந்தால் அது மழை.

டெல்மர்


கொலராடோ
12 ஆகஸ்ட் 2002

என் தங்கத் தம்பிக்கு,

நீ நூறு வருடம் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்த கையோடு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கோரைக்குள் இறங்கினேன். வளைவு தாண்டியதும் கண்முன்னே நிற்கிறது அணை! மண்ணும் வில்லோ மரக் குச்சியுமாக எவ்வளவு நேர்த்தி! நடுவில் நம் குவாரியின் எச்சரிக்கைப் பலகை ஒன்றையும் வைத்துக் கட்டியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு மாதமாகத் தினமும் அதன் பக்கத்தில் நின்று வாத்துக்கு ரொட்டி போட்டிருக்கிறேன்.

முதலில் ஆற்று அதிகாரிக்கு ஃபோன் செய்தேன், அப்புறம் முதலாளிக்கு. பிறகு ஓர்வில் வீட்டுக்கே போய் அழைத்துவந்து காட்டினேன். நீ கேட்ட முகம் இதுதான்: முதலில் வாயைத் திறந்தான், மூடினான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இதைக் கட்டினவனுக்கு உங்க கம்பெனியில சம்பளம் உண்டா?"

"உன் வெங்காயத்துல கழிச்சுக்கச் சொல்லியிருக்கோம்" என்றேன். "என்னை மன்னிச்சிடு, ஓர்வில். கோலைத்தான் பாத்தேன், தண்ணியைப் பாக்கலை."

"அட, விடு லியோனா. நானும்தான் வந்து பாத்துட்டு, சரியாத்தான் நிக்குதுன்னு திரும்பிப் போனேன்."

அணையைப் பிரித்தோம். மறுநாள் காலையில் பீவர் மீண்டும் கட்டியிருந்தது. நாங்கள் பிரிக்க, அது கட்ட, ஒரு வாரம் நடந்தது கூத்து. கடைசியில் வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்துப் பிடித்து மலைக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது அது என்னை முறைத்த முறைப்பில் ஓர்வில் தோற்றான்.

வெங்காயத்தில் பாதி தேறும் என்கிறான். மீதி? அதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஜூனிலிருந்து குறைந்த தண்ணீரைக் குளிர்காலத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கீழ்வாய்க்கால் ஏரி நிரம்பும் காலம், அந்த ஏரியை நம்பித்தான் ஓர்வில் அடுத்த வருடம் விதைப்பான். ஏற்கெனவே கோடைக்காகக் கொடுக்க வேண்டியதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. குளிர்காலம் முழுக்க ஷட்டரை மூடவே முடியாது. காலையில் யாராவது பனிக்கட்டியை உடைத்தால்தான் தண்ணீர் நகரும். சென்ற வருடம் உடைத்தவர் அரிசோனாவுக்கு மகளோடு போய்விட்டார். எனக்கோ அறுபத்திரண்டு வயது, கடப்பாறை என்னைத் தூக்கும்.

இனிக் கேட்கமாட்டேன் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறது. இது வேறு. எனக்கு ஆள் வேண்டும். மீன் சீசன் முடிந்ததும் இந்த ஒரு குளிர்காலத்துக்கு வருகிறாயா? வாத்துக்கும் உனக்கும்தான் இந்த வேலை தெரியும்.

அன்பு முத்தங்களுடன்
லியோனா


கொலராடோ
15 செப்டம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடலில் இருப்பாய் என்று சொல்லிக்கொள்கிறேன். தர்பூசணி ஊறுகாய் போட்டிருக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி சோம்பு இலை தூக்கலாக. கூரை என்ன ஆயிற்று? ஷட்டர் விஷயம் கட்டாயம் இல்லை. வரமுடியாது என்றாலும் ஒரு வரி எழுது.

அக்கா


கோடியாக்
5 அக்டோபர் 2002
(துறைமுகப் படம் போட்ட அஞ்சலட்டை)

அக்கா, கடிதங்கள் வந்தன. வேலை அதிகம். நான் நலம். கவலைப்படாதே. பூனையும் நலம்.
டெல்மர்


கொலராடோ
26 அக்டோபர் 2002

அன்புத் தம்பிக்கு,

உன் அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்க அதில் அதிகம் இல்லை. பீவர் என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. ஓர்வில் முகத்தைக் கேட்டு வாங்கினாயே, அதைப் பற்றி ஒரு கிண்டல் இல்லை. ஷட்டருக்கு வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. சீசன் முடிந்து வாரங்கள் ஆகின்றன, வேலை அதிகம் என்கிறாய். நலம் என்று மட்டும் இருந்தது.

இந்த வாரம் இங்கே ஆறு இறங்கியிருக்கிறது. குவாரியில் கழுவுவதை நிறுத்தியாயிற்று. வெயிலும் இல்லை. நாங்கள் எடுப்பது ஒன்றுமே இல்லை, இருந்தும் ஆறு இறங்குகிறது. காலையில் ஷட்டரைத் திருகிக்கொண்டு நின்றபோது எனக்குச் சட்டென்று பூசையன்று உன் கையில் இருந்த காபிக் கெட்டில் ஞாபகம் வந்தது. கையை ஷட்டரிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

ஏப்ரலில் உன்னைப் பார்த்து, பரவாயில்லை, தாங்கிக்கொண்டான் என்று நினைத்தேனே, நான் என்ன அக்கா? எடுத்த மாதத்தில் குறை தெரியாது என்று லாரிக்காரப் பையன்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறேன். அப்பா செத்தபோதும் நீ இப்படித்தான் இருந்தாய். வசந்தத்தில் அடக்கம் செய்தோம், நீ எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய். அக்டோபரில் பீட்ரூட் அறுவடையில் நடுவயலில் லாரியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதாய். பின்னால் வரிசையாக லாரிகள் நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அன்று உன்னை இறக்கி வீட்டுக்குக் கூட்டிப்போனவள் நான். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

அதனால் ஒரு முடிவு செய்துவிட்டேன். நீ இங்கே வரவேண்டாம். நான் அங்கே வருகிறேன். நவம்பர் பதினாலாம் தேதி விமானம். பனிமூட்டம் விட்டால் அன்றே, விடாவிட்டால் விடும்போது. ஜனவரியில் உங்கள் ரஷ்யக் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் திரும்புவேன். டிக்கெட் வாங்கியாயிற்று, பணம் திருப்பித் தரமாட்டார்கள், ஆகவே மறுத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை.

ஷட்டரை யார் பார்ப்பார்கள் என்று கேட்பாய். ஓர்வில். நான் கேட்கவே இல்லை. மளிகைக் கடையில் வரிசையில் நின்றபோது, தம்பி கடிதம் போடுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முட்டையை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னான்:

"போய்ட்டு வா. கட்டியை நான் ஒடைக்கிறேன்."

"உனக்கு எதுக்கு இந்த வயசுல?"

"அந்தத் தண்ணி எனக்குத்தானே வருது? எம்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உம்மேலதான் இல்லை, நீ வாத்துக்கு ரொட்டி போடப் போயிடுவே." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "என் சம்சாரம் போனப்ப எல்லாரும் மொத மாசம் வந்தாங்க, லியோனா. எனக்கு ஆள் தேவைப்பட்டப்ப யாரும் வரலை" என்றான்.

நானும் போகவில்லை, தம்பி. மூன்று மைல் தூரத்தில் இருந்துகொண்டு போகவில்லை. அவனிடம் அதைச் சொன்னேன். "சரி, இப்ப போ" என்றான்.

வீட்டைச் சுத்தம் செய்யாதே. நல்ல சட்டை தேடாதே. இருக்கிறபடி இரு. நான் வருகிறேன்.

உன்
லியோனா அக்கா


கோடியாக்
6 நவம்பர் 2002

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நான் நலம் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம்.

கூரை ஒழுகவில்லை, அக்கா. ஒருநாளும் ஒழுகியதில்லை. இரவில் அங்கே படுக்கப் பிடிக்காமல் அப்படி எழுதினேன்.

கோடையில் நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. வலை, மீன், உன் வாத்துகள், ஓர்வில் சண்டை என்று போய்விட்டது. அந்த விரைவுத் தபால் எழுதிய அன்று வீடு வரைக்கும் சீட்டி அடித்துக்கொண்டு வந்தேன். பீவர் கதையை மாட்ரோனாவிடம் சொல்லவேண்டும் என்று வேகமாக வந்தேன். கதவைத் திறந்து, "ஏ, கேட்டியா" என்றும் கூப்பிட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பகலில்கூட என்னால் அந்த வீட்டுக்குள் போக முடியவில்லை. செப்டம்பரில் படகைக் கரையேற்றிவிட்டார்கள். இப்போதும் அதில்தான், தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருக்கிறேன். சித்தி தட்டோடு வந்தால் வீட்டு வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன், உள்ளே இருப்பதுபோல. சித்திக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு வருகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. அவளை இங்கே தனியாக விட்டுவிட்டு வருவதாகத் தோன்றியது. மாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. அதனால் வேலை அதிகம் என்று எழுதினேன். வேலையே இல்லை.

நேற்று உன் கடிதம் வந்தது. லாரிகள் ஹாரன் அடிக்காமல் நின்றன என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை. எழுதும்போதும் வருகிறது. இந்த முறை மை கலைந்திருப்பது மழையால் இல்லை.

அழுதுகொண்டே எழுந்து வீட்டுக்குள் போனேன். அவளுடைய ரப்பர் பூட்ஸ் கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன், அவ்வளவுதான் முடிந்தது. இன்றும் போய்ப் பற்றவைத்தேன். பூனை முதலில் உள்ளே வந்து அவள் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நீ வருவதற்குள் நானும் உள்ளே ஒருநாளாவது படுத்துவிடுவேன் என்று சொல்லமாட்டேன். நீ வந்தால் படுப்பேன்.

ஓர்விலிடம், டெல்மர் ரைசிக் நன்றி சொன்னான் என்று சொல். தொட்டிக்குக் கீழேயும் நடந்து பார்க்கச் சொல். பல்லனுக்கு அண்ணன் தம்பிகள் இருப்பார்கள்.

பதினாலாம் தேதி காலையிலிருந்தே விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். பனிமூட்டமாக இருந்தால் மறுநாளும் உட்கார்ந்திருப்பேன். பீரோக்குக்கு நல்ல மீனாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே முட்டைக்கோஸ் வாடல்தான் கிடைக்கும், நீ வரும்போது இரண்டு கொண்டு வா. இரண்டு விதமும் செய்வோம். அவள் இருந்திருந்தால் எதில் மீன் இல்லையோ அதைத் தொட்டிருக்கமாட்டாள், நான் அவள் பங்கையும் தின்றுவிடுகிறேன்.

சீக்கிரம் வா, அக்கா. நான் நலமாக இல்லை.

உன் தம்பி
டெல்மர்